மைதானத்து மடல்: அட்லெட்டிகோவும் அதன் ஸ்ட்ரைக்கர்களும்

(சென்ற இதழில், ஸ்ட்ரைக்கர்களை, அதாவது கோல் அடிக்க முன்னால் நிற்கிற ஆட்டக்காரர்களை, வாங்குவதில் ஸ்பெயினின் அட்லெட்டிகோ மாட்ரிட் அளவுக்குக் கைராசி உள்ள கால்பந்து கிளப் ஐரோப்பாவில் குறைவு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள். இந்த முறை அவற்றுக்கே இடம்.)

கேள்வி: கைராசி என்கிறீர்கள். டோரஸ், அகுவேரோ, ஃபால்காவோ, கோஸ்டா என்று நல்ல ஆட்டக்காரர் ஒவ்வொருவரையும் விற்றுவிடுகிற கிளப் அல்லவா அது? ரசிகனுக்கு வயிறு எரியாதா? – தூத்தூர் வாசகர்

எரியும். 2007இல் ஃபெர்னாண்டோ டோரஸ் லிவர்பூலுக்குப் போனபோது எனக்கே ஒரு வாரம் மனசு சரியில்லை. மாட்ரிட்டை ஒட்டிய ஃபுயென்லப்ராடாவில் பிறந்து, கிளப்பின் சிறுவர் அணியில் வளர்ந்து, 19 வயதில் கேப்டன் ஆன பிள்ளை. ஆனால் அன்றைய நிலைமையையும் பார்க்க வேண்டும். 2000இல் அட்லெட்டிகோ இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது, இரண்டு சீசன் அங்கேயே கிடந்தது. டோரஸ் முதல் ஆட்டம் ஆடியதே அந்த இரண்டாம் டிவிஷனில்தான். கிளப்புக்குக் கழுத்துவரை கடன். கடன்பட்ட வீட்டில் முதலில் வெளியே போவது நகைதானே.

நான் கைராசி என்று சொன்னது அதற்கு அடுத்து நடந்ததை. டோரஸ் போன அதே கோடையில் வில்லாரியலிலிருந்து ஃபோர்லானை வாங்கினார்கள். அதற்கு முந்தைய வருஷமே அர்ஜென்டினாவின் இண்டிபென்டியன்டே கிளப்பிலிருந்து, 18 வயது நிறையும் தறுவாயில் இருந்த அகுவேரோவைப் பெரிய விலை கொடுத்துக் கொண்டுவந்திருந்தார்கள். 2008-09 சீசனில் ஃபோர்லான் லீக்கில் மட்டும் 32 கோல். 2010 மே மாதம் ஹாம்பர்க்கில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம், எதிரே ஃபுல்ஹாம். கூடுதல் நேரமும் முடியப் போகிறது, 116ஆவது நிமிஷம். இடது ஓரத்தில் அகுவேரோ ஒருவரைத் தள்ளிக்கொண்டே போய்ப் பந்தை உள்ளே போடுகிறார். ஃபோர்லான் முதல் போஸ்ட்டுக்கு ஓடி வந்து காலை லேசாக வைக்கிறார், அவ்வளவுதான், உள்ளே. அன்று அட்லெட்டிகோ போட்ட இரண்டு கோலும் அவருடையவை.

2011இல் இந்த இருவரும் போனார்கள். உடனே போர்ட்டோவிலிருந்து 4 கோடி யூரோவுக்கு ஃபால்காவோ. 2013இல் அவர் மொனாக்கோ போனார். பார்சலோனாவிலிருந்து டேவிட் வியா வந்தார், கோஸ்டா முன்னுக்கு வந்தார், 2014இல் 18 வருஷத்துக்குப் பிறகு லீக் கோப்பை. அந்தக் கோடையில் கோஸ்டா செல்சீ போனதும் கிரீஸ்மன். ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த பந்திக்கு இலை விழுவதுபோல. எழுந்து போகிறவரைப் பார்த்து வருத்தப்படலாம், தப்பில்லை. ஆனால் அடுத்த இலைக்கு யாரை உட்காரவைப்பது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்களே, அந்த யோசனையைத்தான் நான் மதிக்கிறேன்.

கேள்வி: எதைப் பார்த்து வாங்குகிறார்கள்? போன சீசனில் எத்தனை கோல் என்ற கணக்கா? – நாகர்கோவில் வாசகர்

கோல் கணக்கு பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் 2011 டிசம்பரில் சிமியோனே பயிற்சியாளராக வந்த பிறகு, பந்து நம்மிடம் இல்லாதபோது இந்த ஆள் என்ன செய்வார் என்ற கேள்வியும் அதே அளவுக்கு முக்கியமாகிவிட்டது. உழைப்பில் பேரம் கிடையாது என்பது அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு. அவருடைய அணியில் முன்னால் நிற்கிற இருவரும் நடு வட்டம்வரை இறங்கி வருவார்கள். எதிரணியின் நடுக்கள ஆட்டக்காரனுக்குப் பந்து போகிற வழியை அடைத்து நிற்பார்கள். வேறு வழி இல்லாமல் பந்து ஓரத்துக்குப் போகும். அங்கே நாலு பேர் காத்திருப்பார்கள். இந்த வேலையைச் செய்யாத ஸ்ட்ரைக்கர் எத்தனை கோல் அடித்தாலும் அந்த அணியில் இடறலாகத்தான் இருப்பார்.

பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியராக ஆவதற்கு முன்பு நான் பத்து வருஷம் ஸ்டாப்பர், அதாவது தற்காப்பின் நடுவே நிற்பவன், ஆடியவன். அந்த இடத்தில் ஆடியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கரைவிட, பந்து நம் காலுக்கு வந்ததும் மூச்சு படுகிற தூரத்தில் வந்து நிற்கிறானே, அவன்தான் தூக்கத்தைக் கெடுப்பவன். கடற்கரை மணலில் ஆடிப் பழகிய பையன்கள் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் இருப்பார்கள். ஆட்டம் முடிகிறபோது நமக்குக் கால் ஓய்ந்துவிடும், அவர்கள் இன்னும் துரத்திக்கொண்டிருப்பார்கள்.

2013 மே 17, ஸ்பெயினின் கோபா டெல் ரே கோப்பை இறுதி ஆட்டத்தில் அட்லெட்டிகோ போட்ட முதல் கோலைத் தேடிப் பாருங்கள். பெர்னபேவில், ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில். 1999க்குப் பிறகு அட்லெட்டிகோ அவர்களை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ரொனால்டோ தலையால் முட்டி ஒரு கோல் போட்டாயிற்று. அப்போது நடுக்களத்தில் ஃபால்காவோவிடம் பந்து வருகிறது. முதுகில் ஒருவர், பக்கத்தில் இன்னும் இருவர். உடம்பைக் குறுக்கே வைத்துப் பந்தை மறைத்து, ஒரு சுற்றுச் சுற்றி அந்த நெரிசலிலிருந்து வெளியே வருகிறார். தலை நிமிர்ந்ததும் வலப்பக்கம் ஓடுகிற கோஸ்டாவுக்கு ஒரே பாஸ். கோஸ்டா ஓடிக்கொண்டே குறுக்காகத் தரையோடு அடிக்கிறார், 1-1. கூடுதல் நேரத்தில் மிராண்டா முட்டிய பந்தில் கோப்பை வந்தது. ஆனால் அன்றைய ஆட்டம் திரும்பியது ஃபால்காவோவின் அந்தச் சுற்றில்தான். கோல் கணக்கில் அது அவர் பேரில் ஏறாது.

இன்னொன்றும் உண்டு. வேறு கிளப் வேண்டாம் என்று ஒதுக்கியவரை வாங்கத் தயங்கமாட்டார்கள். 2013இல் வியாவுக்கு அவர்கள் கொடுக்க ஒப்புக்கொண்டது அதிகபட்சம் 51 லட்சம் யூரோ. லீக் ஜெயித்த அந்த சீசனில் அவர் லீக்கில் 13 கோல் போட்டார். 2020இல் சுவாரஸ் கதை தெரிந்ததே. பார்சலோனாவுக்காக 198 கோல் அடித்த மனிதரை, 33 வயதாகிவிட்டது, போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அட்லெட்டிகோ கிட்டத்தட்டச் சும்மாவே வாங்கிக்கொண்டது. அந்த சீசனில் லீக்கில் 21 கோல். கடைசி நாளில் வல்லாடோலிட்டில் முதலில் பின்தங்கியிருந்தார்கள், கோரேயா சமன் செய்தார். எதிரணி நடுக்களத்தில் தவறவிட்ட பந்தைச் சுவாரஸ் தனியாகக் கொண்டுபோய்ப் போட்டார், 2-1. லீக் கோப்பை வந்தது. ஆட்டம் முடிந்த பிறகு புல்தரையில் உட்கார்ந்து, போனில் வீட்டாரைப் பார்த்தபடி தேம்பித் தேம்பி அழுதார். அந்தக் காட்சியை இப்போது பார்த்தாலும் எனக்குக் கண் கலங்குகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓட்டம், துரத்தல் என்று மேலே சொன்னதெல்லாம் சுவாரஸுக்குப் பொருந்தாது. முழங்கால் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. அவர் பங்கு ஓட்டத்தைக் கோரேயாவும் யோரென்டேயும் ஓடினார்கள். அதற்குச் சிமியோனே சம்மதித்ததே பெரிய விஷயம்.

கேள்வி: தோற்றுப்போன கொள்முதலும் உண்டே? ஜோவாவ் ஃபெலிக்ஸ்? – திருச்சி வாசகர்

உண்டு. 2015இல் ஜாக்சன் மார்டினெஸ். போர்ட்டோவில் ஆடிய மூன்று சீசனிலும் போர்ச்சுகல் லீக்கில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். ஃபால்காவோவும் போர்ட்டோ, இவரும் போர்ட்டோ, இருவருமே கொலம்பியா. அதே கடை, அதே சரக்கு என்று நினைத்து 3.5 கோடி யூரோ கொடுத்தார்கள். அட்லெட்டிகோவுக்காக அவர் அடித்தது மொத்தம் 3 கோல். அரை வருஷம் கழித்து சீனாவின் குவாங்சோ கிளப் 4.2 கோடி கொடுத்து வாங்கிக்கொண்டது. பண நஷ்டம் இல்லை. ஆனால் ஒரு சீசனின் பாதி வீணாயிற்று, அந்த மனிதரின் ஆட்ட வாழ்வும் அதன் பிறகு எழவில்லை.

ஃபெலிக்ஸ் விஷயத்தில் எனக்குக் கிளப் மேல்தான் கோபம். 2019இல் கிரீஸ்மனைப் பார்சலோனா 12 கோடி யூரோ கொடுத்துக் கொண்டுபோனது. அதே கோடையில் கிட்டத்தட்ட அதே அளவு பணத்தை எடுத்து 19 வயதுப் பையன் ஒருவனுக்காக பென்ஃபிகாவிடம் கொடுத்தார்கள், 12 கோடிக்கும் மேல். அவன் இடைவெளிகளில் மிதந்து, பந்தைத் தொட்டுத் தொட்டு ஆடுகிற கலைஞன். அவனை இறங்கி வந்து வழியை அடைக்கச் சொன்னால்? பையனும் வாடினான், பயிற்சியாளரும் பொறுமை இழந்தார். செல்சீக்கு, பார்சலோனாவுக்கு என்று இரவலாகப் போய், 2024இல் செல்சீக்கே விற்றுவிட்டார்கள். தன் அணிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த கிளப், விலைச்சீட்டைப் பார்த்து வாங்கியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: 2022இல் கிரீஸ்மனை 60 நிமிஷத்துக்குப் பிறகுதான் இறக்கினார்களாமே, ஏன்? – மதுரை வாசகர்

ஒப்பந்தம். பார்சலோனாவிலிருந்து இரவலாகத் திரும்பி வந்திருந்தார். பாதி ஆட்டங்களில் 45 நிமிஷத்துக்கு மேல் ஆடினால் 4 கோடி யூரோ கொடுத்து வாங்கியே ஆக வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் கடிகாரத்தைப் பார்த்து அவரை அனுப்பினார்கள். அக்டோபரில் சுமார் 2 கோடிக்குப் பேசி முடித்தார்கள். பணத்தை மிச்சம் பிடித்த கெட்டிக்காரத்தனம் என்று சிலர் எழுதினார்கள். உடம்பு சரியாக உள்ள ஒரு ஆட்டக்காரனை அப்படி உட்காரவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் முகம் சுளிக்காமல் வார்ம்-அப் செய்து வந்து ஆடினார். 2024 ஜனவரியில் லூயிஸ் அரகோனேஸின் 173 கோல்களைத் தாண்டி, கிளப்பின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார்.

கேள்வி: அவர்களை மெத்தைக்காரர்கள் என்கிறார்களே? – புதுச்சேரி வாசகர்

சட்டையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு. அந்தக் காலத்தில் ஸ்பெயினில் மெத்தை உறை தைக்கிற துணி அதே கோட்டில்தான் வரும். அதனால் வந்த பெயர்.

கேள்வி: இத்தனை பேரில் ஒருவரைச் சொல்லுங்கள். கிளப் செய்த மிகச் சிறந்த கொள்முதல் யார்? – குளச்சல் வாசகர்

டியேகோ கோஸ்டா. யோசிக்கவே வேண்டாம்.

பிரேசிலில் லகார்டோ என்ற ஊர். தெருவில் ஆடி வளர்ந்தவர். 2006 கடைசியில் போர்ச்சுகலின் பிராகாவிலிருந்து வாங்கினார்கள். வாங்கிவிட்டு என்ன செய்தார்கள்? திரும்ப பிராகாவுக்கே இரவல். பிறகு செல்டா, அப்புறம் அல்பசேடே. 2009இல் வல்லாடோலிட்டுக்கு விற்றேவிட்டார்கள். ஆனால் வேண்டுமானால் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்திருந்தார்கள். அடுத்த வருஷமே திரும்பக் கூட்டி வந்தார்கள். 2011இல் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2012 ஜனவரியில் மறுபடி இரவல், ராயோ வயேகானோவுக்கு, அங்கே பாதி சீசனில் 10 கோல். இத்தனை வாசல் ஏறி இறங்கியவர் 2013-14இல் லீக்கில் 27 கோல் அடித்து, கோப்பையோடு நின்றார். அந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதியவர் யாரோ, அவருக்கு நான் நன்றி சொல்வேன்.

அந்த ஏப்ரலில் ஹெடாஃபேவுடன் ஆட்டம். அட்லெட்டிகோ 1-0 என்று முன்னால். ஓரத்திலிருந்து வந்த பந்தை உள்ளே தள்ளுவதற்காகக் கோஸ்டா முழு வேகத்தில் பாய்கிறார். பந்து கோலுக்குள், கோஸ்டாவின் கால் இரும்புப் போஸ்ட்டில். முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்து ஸ்ட்ரெச்சரில் போனார். லீக் முடிய இன்னும் ஐந்து ஆட்டம் இருந்தது. ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் இன்னொரு கோலுக்காக யார் அப்படிப் பாய்வார்கள்?

அடுத்த மாதம் லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், எதிரே ரியல் மாட்ரிட். தொடைத் தசை ஆறாமலேயே இறங்கி, 9ஆவது நிமிஷத்தில் வெளியேறினார். அன்று அவரை இறக்கியிருக்கக் கூடாது. மாற்று ஆட்டக்காரர் ஒருவரை ஒன்பதே நிமிஷத்தில் செலவழித்துவிட்டு, 93ஆவது நிமிஷத்தில் ராமோஸின் கோலை வாங்கி, கூடுதல் நேரத்தில் நிற்கக்கூடத் தெம்பில்லாமல் 4-1 என்று தோற்றார்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளி அணியில் ஸ்ட்ரைக்கர். யாருடைய வீடியோ பார்க்கலாம், சார்? – இனையம் மாணவர்

கோல் தொகுப்புகளை விடு தம்பி, அதில் கடைசி மூன்று நொடிதான் இருக்கும். 2013-14 கோஸ்டா ஆடிய முழு ஆட்டம் ஒன்றை எடு. பந்தைப் பார்க்காதே, அவரை மட்டும் பார். ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொள்: பந்து மறு பக்கம் இருக்கும்போது எத்தனை தடவை இடம் மாறுகிறார், எதிரணி ஸ்டாப்பரின் முதுகுப் பக்கம் எத்தனை தடவை போகிறார், பந்தைப் பறிகொடுத்ததும் எத்தனை அடி திரும்ப ஓடுகிறார். முதல் பாதிக்கு மட்டும் எண்ணினால் போதும். எண்ணி முடித்துவிட்டு எனக்கு எழுது.