சூடேறினால் பஞ்சாகும் முன்சக்கர பிரேக்: ஃபோர்க்கை விட்டு ஒயிலைப் பாருங்கள்

பைக்கின் முன் பிரேக் சூடேறினால் பஞ்சாகிறது, முன்பக்கமும் குத்துகிறது, எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை இப்போதைக்குத் தொடாதீர்கள், முதலில் பிரேக் ஒயிலை மாற்றுங்கள். கட்டுகுருந்தப் பந்தயத் தடத்துப் பயிற்சியில் சில சுற்றுகள் போனதும் லீவர் கைப்பிடி வரை வந்துவிடுகிறது, ஆறியதும் சரியாகிறது என்கிறீர்கள். அது பெரும்பாலும் ஒயில் கொதிப்பதுதான். பிரேக் பேட்களை அழுத்தும் காலிப்பருக்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகி, உங்கள் விரல் அவற்றையே நசுக்குகிறது. பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருந்தால் லீவர் கெட்டியாகவே இருக்கும், பைக்தான் நிற்காது.

டொட் 4 என்ற வகை பிரேக் ஒயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கலாம். கொழும்புக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்! பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கும்போது சீல் உடையாத சிறிய போத்தலாகப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. முன் சக்கரத்தைத் தூக்கி, லீவரை அழுத்தி விட்டபின் கையால் சுற்றுங்கள். உடனே நின்றால் பேட்டைத் தள்ளும் பிஸ்டன் முழுதாகத் திரும்பவில்லை, பேட் உரசி உரசியே சூடேறுகிறது. பிஸ்டனைச் சுத்தம் செய்யாமல் புது ஒயில் ஊற்றிப் பயனில்லை.

முன்பக்கம் குத்துவதை அப்புறம் பார்க்கலாம். ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை கட்டி ஓடுங்கள். அது ஃபோர்க் அழுங்கும் எல்லை வரை தள்ளப்பட்டிருந்தால் மட்டும் பிரீலோடை (ஸ்பிரிங்கின் ஆரம்ப அழுத்தத்தை) ஒரு சுற்றுக் கூட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மென்மை.

ஒன்று கவனம்: டொட் 5 சிலிக்கோன் ஒயில், டொட் 5.1 அப்படியல்ல. டொட் 5-ஐ இதில் ஊற்றிவிடாதீர்கள். பிரேக் குழாயிலிருந்து காற்றெடுத்த பிறகும் லீவர் கெட்டியாகவில்லை என்றால், லீவர் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் சீலைப் பார்க்கும்வரை பைக்கை ஓட்ட வேண்டாம்.