ஒரு தாக்குதல் ஓர் ஊரை எப்படி மாற்றும்? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பதில்

கேள்வி: சொந்த நாட்டுக்குள்ளேயே நடக்கும் பயங்கரவாதத் தாக்குதல் ஒரு சமூகத்தை எப்படிப் பாதிக்கிறது?

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். மலாயாவில், அதாவது இன்றைய தீபகற்ப மலேசியாவில், கம்யூனிஸ்ட் கலகத்தை அடக்கப் பிரிட்டிஷ் அரசாங்கம் போட்ட அவசரகாலம் எங்கள் ஊர் ரப்பர் தோட்டங்களில் நடந்த கொலைகளோடுதான் தொடங்கியது. 1948 ஜூன் 16 காலையில், எல்பில் தோட்டத்து மேனேஜர் வாக்கரைச் சைக்கிளில் வந்தவர்கள் ஆபீசிலேயே சுட்டுக் கொன்றார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தோட்டத்தில் மேனேஜர் அலிசனும் அவருடைய உதவியாளர் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது.

அன்றைக்குச் செத்தது மூன்று வெள்ளைக்காரத் துரைகள். அந்தப் பன்னிரண்டு வருஷப் பாரம் விழுந்ததோ ரப்பர் மரம் சீவிப் பிழைத்தவர்கள் தலையில்.

1950ல் அரசாங்கத்தின் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் குடியிருந்த ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, புதுக்கிராமங்களுக்கு மாற்றினார்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களையும், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளையும், ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சோறு போகக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். அதற்காக அரிசியை அளந்து கொடுத்தார்கள். கடையில் டின் சாமான் வாங்கினால், சேர்த்துவைக்க முடியாதபடி அங்கேயே ஓட்டை போட்டுத் தருவார்கள். மரம் சீவும் வேலைக்காட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகத் தடை. விடிகாலையில் கேட்டில் வரிசை கட்டி நிற்க வேண்டும். மடியிலிருந்து ரப்பர் பால் வாளி வரை சோதித்துத்தான் விடுவார்கள். என் பாட்டியும் அந்த வரிசையில் நின்றவர்தான். வயிற்றுப்பிள்ளைக்காரிகள்கூட மத்தியானம் வரை பட்டினியாக மரம் சீவினார்களாம். ஆனால் பசியைவிட, "திருடி மாதிரி நிக்க வெச்சாங்கய்யா" என்பதைத்தான் பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அடையாளக் கார்டு. போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். காட்டிலிருந்து வருபவர்களோ வழிமறித்து அதைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். கார்டு இல்லாமல் நின்றால், யாருக்குக் கொடுத்தாய் என்று விசாரணை. ராத்திரியோடு ராத்திரியாகப் பால்மரங்களைக் கொத்திச் சிதைத்துவிட்டுப் போவதும் நடந்தது. கிராணி (கணக்கர்), மண்டோர் (மேஸ்திரி) என்று நம் ஆட்களையும் கொன்றார்கள். இன்னொரு பக்கம், 1948 டிசம்பரில் சிலாங்கூர் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டையும் நான் கொலை என்றே சொல்வேன்.

என்னைக் கேட்டால், இவற்றையெல்லாம்விட ஆழமான அடி தொழிற்சங்கத்துக்கு விழுந்ததுதான். உலகப்போர் முடிந்ததிலிருந்து தோட்ட மக்கள் கூலி உயர்வு கேட்டுத் துணிந்து வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். துரைகள் கொல்லப்படுவதற்குச் சில நாள் முன்பே சட்டத்தைத் திருத்தி, சங்கங்களின் கூட்டமைப்பை அரசாங்கம் முடக்கிவிட்டது. கொலைகளுக்குப் பிறகு கூலி கேட்பவனையும் கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்படுவது சுலபமாகிவிட்டது. அந்தக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியைத் துப்பாக்கி வைத்திருந்ததாகச் சொல்லி 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கப்புறம் சங்கம் என்று வாயெடுக்க யாருக்குத் தைரியம் வரும்? 1954ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி ஆள் சேர்க்க வந்தபோது, சந்தா எவ்வளவு என்று எங்கள் லயத்தில் யாரும் கேட்கவில்லையாம். பேர் கொடுத்தால் போலீஸ் வருமா என்றுதான் கேட்டார்களாம்.