புது மின் மலைச் சைக்கிள்: பெட்டி பிரிப்பதிலிருந்து முதல் ரைடு வரை (கேள்வி பதில்)

இன்றைக்கு ஒரே விஷயம்தான்: பெட்டியில் வந்த புது மின் மலைச் சைக்கிளை ஓட்டத் தயார் செய்வது. எதை வாங்கலாம், என்ன விலை என்ற கேள்விகளுக்குப் பதில் கிடையாது. கேட்கும் முன் மேலே இருப்பதைப் படித்துவிடுங்கள்.

செல்வம், கோவை: அண்ணா, வண்டி பெட்டியில வந்திருக்கு. ஹேண்டில்பார் திரும்பிக் கிடக்கு, முன்சக்கரம் தனியா, பெடல் தனியா. எதுல ஆரம்பிக்கிறது?

பதில்: பேட்டரியைக் கழற்றி ஓரமாக வையுங்கள். கழற்ற முடியாத மாடல் என்றால் பவரை அணைத்துவிடுங்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்தாதீர்கள், டிஸ்ப்ளேதான் முதலில் உடையும். சீட் போஸ்டைப் பிடிக்கும் ஸ்டாண்ட் இருந்தால் நல்லது. 24 கிலோ வண்டி, ஸ்டாண்ட் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்சக்கரம் மாட்டும்வரை முன் பிரேக் லீவரைத் தொடவே வேண்டாம். நடுவில் டிஸ்க் இல்லாமல் அழுத்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்து பிரேக் பேட் (டிஸ்கைப் பிடிக்கும் கட்டை) இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் டிஸ்க் உள்ளே போகாது. அதைத் தடுக்கத்தான் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு வைத்து அனுப்புகிறார்கள். சக்கரம் மாட்டும் நொடியில் எடுத்தால் போதும்.

ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) திருப்பும்போது ஒன்றைப் பாருங்கள்: ஓட்டுகிற ஆள் பார்வையில் பிரேக் காலிப்பர் (பேடுகள் இருக்கும் பெட்டி) இடதுபக்கம் இருக்க வேண்டும். பெட்டியில் பின்னோக்கித் திருப்பி வைத்திருப்பார்கள். அப்படியே ஹேண்டில்பாரை மாட்டி ஓட்டுபவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

அடுத்து ஸ்டெம், அதாவது ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு. இதில் வரிசை முக்கியம். மேல்மூடி போல்ட்டின் வேலை ஹெட்செட்டில் (ஃபோர்க் திரும்பும் பேரிங்) ஆட்டம் இல்லாமல் செய்வது மட்டுமே. ஸ்டெம்மைப் பிடிப்பது அது அல்ல. பக்கவாட்டு போல்ட் இரண்டையும் தளர்த்தி, மேல்மூடியை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, ஸ்டெம்மைச் சக்கரத்துக்கு நேராக வைத்து, பிறகு பக்கவாட்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். பெரும்பாலும் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் (டார்க் ரெஞ்சில் பார்க்கும் இறுக்க அளவு). சரியான எண் ஸ்டெம்மிலேயே இருக்கும். பக்கவாட்டு போல்ட் இறுகியிருக்கும்போது மேல்மூடியை எவ்வளவு திருகினாலும் ஆட்டம் போகாது, மரைதான் போகும். சோதனை: முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஹெட்செட் மேல் விரல் வைத்திருங்கள். 'டக்' என்று தட்டினால் இன்னும் ஆட்டம் இருக்கிறது.

ஹேண்டில்பாரைப் பிடிக்கும் முன்தகட்டில் நான்கு போல்ட். எக்ஸ் வடிவத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் சமமாக. கார்பன் பார் என்றால் கிரீஸ் கூடாது, கார்பன் பேஸ்ட்தான்.

பெடல்: வலது பெடல் வழக்கமான மரை, இடது பெடல் எதிர்மரை. இரண்டிலும் கிரீஸ் தடவி முதல் நான்கைந்து சுற்று கையாலேயே ஓட்டுங்கள். கையால் ஓடவில்லை என்றால் கோணலாக நுழைந்திருக்கிறது, ஸ்பேனரை எடுக்காதீர்கள். கடைசியில் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். இடது பெடல் தளர்ந்த நிலையில் ஓட்டினால் கிராங்க் (பெடல் மாட்டும் கை) மரை அழிந்துவிடும், கிராங்கே மாற்ற வேண்டியிருக்கும்.

முன் அச்சுக்கு மெல்லிய கிரீஸ், 12 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கம். கிரீஸ் கை டிஸ்கில் படக் கூடாது. டிஸ்கில் எண்ணெய்ப் பசை பட்டால் பிரேக் போச்சு.

ப்ரியா, சென்னை: முதல் தடவை 12 மணி நேரம் சார்ஜ் போடணும்னு கடையில சொன்னாங்க சார். அப்படியே மூணு தடவை செய்யணுமாம்.

பதில்: அது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை. இதில் இருப்பது லித்தியம்-அயன். நிறைந்ததும் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று தானாக நிறுத்திவிடும், 12 மணி நேரம் போட்டாலும் ஒரு சொட்டு கூடுதலாக ஏறாது. வண்டி பாதிக்கும் குறைவான சார்ஜோடுதான் வரும். அதனால் முதல் ரைடுக்கு முன் ஒருமுறை முழுதாக ஏற்றுங்கள். செல்கள் சமன்படுவதும் உச்சியை நெருங்கும்போதுதான். 625 வாட்-அவர் பேட்டரி, 4 ஆம்பியர் சார்ஜர் என்றால் 5 முதல் 6 மணி நேரம். வண்டியோடு வந்த சார்ஜர் மட்டும்.

வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்த பேட்டரியை உடனே போடாதீர்கள், ஆறட்டும். பல பேட்டரிகளுக்கு சார்ஜ் செய்யும் வரம்பு 0 முதல் 40 டிகிரி. எல்லோரும் தூங்கும் நேரத்தில், வாசலை மறிக்கும் இடத்தில் வைத்து ஏற்ற வேண்டாம். ஓட்டாமல் மாதக்கணக்கில் வைப்பதானால் 30 முதல் 60 சதவீதத்தில் வையுங்கள்.

அருண், மதுரை: ஒன்றரை லட்சத்துக்குள்ள எது நல்லது?

பதில்: முதல் பத்தி.

மயூரன், சூரிச்: அண்ணை, பிரேக் பிடிக்கவே இல்லை. லீவர் இறுக்கமாத்தான் இருக்கு, வண்டி நிக்குதில்லை. பிழையான சாமான் தந்திட்டாங்களோ?

பதில்: பிழை இல்லை தம்பி. புது பேடும் புது டிஸ்கும் இன்னும் பழகவில்லை. பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க் முழுக்கச் சீராகப் படிய வேண்டும், அதற்குப் பிறகுதான் பிடிப்பு வரும்.

வாகனம் வராத சமதள ரோடு. 25 கிலோமீட்டர் வேகம் வரை போய், ஒரு பிரேக்கை மட்டும் சீராக அழுத்தி நடை வேகத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள். முழுக்க நிறுத்தக் கூடாது, சக்கரம் பூட்டிக்கொள்ளவும் கூடாது. நின்ற இடத்தில் பேட் பொருள் திட்டாகப் படியும்; பிறகு அந்தத் திட்டு வரும்போதெல்லாம் லீவர் துடிக்கும். முன்னுக்கு 20 தடவை, பின்னுக்கு 20 தடவை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பு ஏறுவது விரலுக்கே தெரியும். பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தி ஒரு பத்து. மோட்டார் இருப்பதால் மறுபடி வேகம் எடுக்கச் சிரமமில்லை.

டிஸ்கைத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால், சுத்தமான துணி. விரல் பசைகூடப் படக் கூடாது, எண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஹரிணி, பெங்களூரு: ஆன் பண்ணினா டிஸ்ப்ளேல டபிள்யூ013ன்னு எச்சரிக்கை வருது. ஷிமானோ மோட்டார். அசிஸ்ட் (மிதிக்கும்போது வர்ற மோட்டார் உதவி) சரியா வரல.

பதில்: ஆன் செய்யும்போது பெடலில் கால் இருந்திருக்கும். முறுக்குவிசை சென்சார் (மிதிக்கும் பலத்தை அளப்பது) அந்த நொடியில்தான் தன் பூஜ்யத்தை எடுத்துக்கொள்கிறது. அணையுங்கள், கால் இரண்டும் தரையில், மறுபடி ஆன். எந்தக் கம்பெனி மோட்டாராக இருந்தாலும் இந்தப் பழக்கம் நல்லது.

தினேஷ், கோத்தகிரி: ஷாக்குக்கு எவ்வளவு காத்து? என் எடை 75 கிலோ. பம்பை எடுக்கும்போது 'புஸ்'னு காத்து போயிடுது, திரும்பப் போட்டுப் பார்த்தா மீட்டர்ல கம்மியா காட்டுது.

பதில்: முதலில் அந்தப் 'புஸ்'. அது பம்ப் குழாயில் மிச்சமிருந்த காற்று, ஷாக்கின் காற்று அல்ல. திரும்ப மாட்டும்போது ஷாக்கிலிருந்து கொஞ்சம் காற்று வெளியேறி வெறுங்குழாயை நிரப்பும், அதனால்தான் மீட்டர் இறங்கிக் காட்டுகிறது. சரிபார்க்கிறேன் என்று பத்து தடவை மாட்டினால் பத்து தடவையும் குறையும்.

எண்ணைக் கேட்காதீர்கள், ஆள் ஏறியதும் ஷாக் எவ்வளவு இறங்குகிறது என்ற அமிழ்வைக் கேளுங்கள். 75 கிலோ ஆள் இருவருக்கு ஒரே சைக்கிளில் ஒரே காற்று சரிவரும். ஃபிரேம் மாறினால் நெம்புகோல் விகிதம் (சக்கரம் நகரும் தூரத்துக்கு ஷாக் எவ்வளவு சுருங்கும் என்பது) மாறும், எண்ணும் மாறும். சாப்பாட்டுப் பை, தண்ணீர், ஹெல்மெட் எல்லாவற்றோடும் ஏறி நின்றால் பின் ஷாக் தன் மொத்த ஓட்டத்தில் (முழுதாகச் சுருங்கும் தூரம்) 25 முதல் 30 சதவீதம் அமிழ வேண்டும், ஃபோர்க் 15 முதல் 20. ஷாக் ஓட்டம் 55 மில்லிமீட்டர் என்றால் 30 சதவீதம் 16.5 மில்லிமீட்டர். ஃபோர்க் 150 என்றால் 20 சதவீதம் 30 மில்லிமீட்டர்.

ஷாக் அசையாமல் பூட்டும் லாக்கைத் திறந்துவிடுங்கள். ஷாக் பம்பால் 50 பிஎஸ்ஐ ஏற்றி, வண்டியைப் பத்து தடவை மெதுவாக அமுக்குங்கள். மறுபடி 50, மறுபடி அமுக்கு. ஷாக்குக்குள் இரண்டு காற்றறைகள் எதிரெதிராக இருக்கின்றன. அமுக்கினால்தான் இரண்டும் சமமாகும். ஒரே மூச்சில் 200 ஏற்றினால் ஒரு அறை நிரம்பி மற்றது காலியாக நிற்கும், அளவு பொய் சொல்லும். பிறகு சுவரைப் பிடித்து ஏறி நின்று, ஷாக் தண்டிலுள்ள ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) ஷாக் உடலில் முட்டும்வரை ஒருவரைத் தள்ளச் சொல்லி, குதிக்காமல் இறங்கி, வளையத்துக்கும் ஷாக் உடலுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஸ்கேலால் அளவெடுங்கள். ஷாக்கில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

ரிபவுண்ட் திருகை (அமிழ்ந்த ஷாக் திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) முழுக்க மூடி, அங்கிருந்து கிளிக் எண்ணித் திறந்து நடுவில் வையுங்கள். எண்ணிக்கையை எழுதிவையுங்கள்.

வினோத், சேலம்: சார்ஜ் எத்தனை மணி நேரம் போடணும் சார்?

பதில்: ப்ரியாவுக்குச் சொன்னதேதான்.

இம்ரான், திருச்சி: ஐரோப்பாவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த வண்டி. இடது லீவர் முன் பிரேக்காக இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: அவசியம். இங்கே சைக்கிள், ஸ்கூட்டர், பைக் மூன்றிலும் வலது கைதான் முன் பிரேக். பதறும் நொடியில் கை யோசிக்காது. இறக்கத்தில் 'பின் பிரேக்' என்று நினைத்து இடதை அழுத்தினால் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பீர்கள்.

மயூரன், சூரிச்: இஞ்ச எல்லாம் இடதுதான் முன் பிரேக் அண்ணை. ரெண்டு நாளிலே பழகிடும். ஏன் தேவையில்லாமல் பிரேக் எண்ணெய்க் குழாயைக் கழட்டுவான்?

கார்த்திக், ஈரோடு: இம்ரான் வாரம் முழுக்க பைக் ஓட்டிட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் இதை ஓட்டுவாரு. எப்படிங்க பழகும்?

மயூரன், சூரிச்: அப்ப வாடகைக்கு எடுக்கேக்க என்ன செய்வியள்?

அருண், மதுரை: எதுக்கு சண்டை, முன் பிரேக்கைத் தொடாம பின்னாடி மட்டும் பிடிச்சா போச்சு.

பதில்: அருண் சொன்னதை யாரும் செய்ய வேண்டாம். பிரேக் போட்டதும் எடை முன்னுக்குச் சாயும், பின் டயர் லேசாகும். பிடிப்பில் பெரும்பங்கு முன்னால்தான். பின்னை மட்டும் இழுத்துப் பிடித்து 100 கிலோவை மலையிலிருந்து இறக்கினால் பேட் பளபளத்துக் கண்ணாடியாகும், எண்ணெய் சூடாகி லீவர் பாருக்கே வரும். அதுவும் போதவில்லை என்றால் சக்கரம் பூட்டி வழுக்கும்.

மயூரன், சுவிட்சர்லாந்தில் ஓட்டுபவர் இடதிலேயே வைத்துக்கொள்ளட்டும், சரி. இம்ரான் இருப்பது திருச்சி. விதி ஒன்றுதான்: நீங்கள் தினமும் ஓட்டும் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும்.

மாற்றும் முறை: லீவர் முனையில் குழாயைக் கழற்றி இடம் மாற்ற வேண்டும். கழற்றினால் பழைய ஆலிவும் இன்சர்ட்டும் (குழாய் முனையை அடைத்துப் பிடிக்கும் சிறு உலோகத் துண்டுகள்) மறுபடி உதவாது, புதுசு இரண்டு ஜோடி வாங்கிவையுங்கள். பிறகு குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். எந்த எண்ணெய் என்று லீவர் மூடியிலேயே இருக்கும்: மினரல் ஆயில் அல்லது டாட் 5.1. ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். குழாய் ஹெட்செட் வழியாக உள்ளே போகும் ஃபிரேம் என்றால், நீளம் போதுமா என்று கழற்றும் முன்னரே பாருங்கள். இவ்வளவு செய்து பழக்கமில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோங்கள். சிந்தும் எண்ணெய் டிஸ்கில் படாமல் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை.

கார்த்திக், ஈரோடு: அப்ப நான் சொன்னதுதான் சரி.

பதில்: போதும்பா. அடுத்த கேள்வி.

ரம்யா, நாமக்கல்: டயர்ல 50 பிஎஸ்ஐ வரைக்கும்னு எழுதியிருக்கு. 50 அடிச்சிட்டேன். கல்லுல துள்ளுது.

பதில்: அது டயர் தாங்கும் உச்சம், நீங்கள் அடிக்க வேண்டிய அளவு அல்ல. 29க்கு 2.4 அங்குல டயர், 65 கிலோ ஆள், டியூப்லெஸ் என்றால் முன்னே 20, பின்னே 23 வைத்து ஆரம்பியுங்கள். டியூப் இருந்தால் 5 கூட்டுங்கள். இல்லாவிட்டால் கல் இடித்ததும் டியூபில் பாம்புக்கடி மாதிரி இரண்டு ஓட்டை விழும். 'டியூப்லெஸ் ரெடி' என்று எழுதியிருக்கும் பல வண்டிகள் உள்ளே டியூபோடுதான் வருகின்றன, கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றினால் சக்கரத்துக்குச் சுமார் 100 மில்லி சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்). நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், குலுக்கிப் பாருங்கள்.

ப்ரெஸ்டா வால்வுக்கு (மெல்லிய சைக்கிள் வால்வு) அடாப்டர் ஒன்று பையிலேயே கிடக்கட்டும், தெருமுனைக் கடையில் இருக்காது.

சஞ்சய், சென்னை: 25க்கு மேல அசிஸ்ட் வர என்ன செய்யணும்?

பதில்: செய்யக் கூடாது. 250 வாட், 25 கிலோமீட்டர் வரம்புக்குள் இருப்பதால்தான் இந்தியாவில் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராமல், பதிவெண் இல்லாமல் ஓடுகிறது. வாரண்டியும் போகும்.

லோகேஷ், ஓசூர்: வாட்டர் சர்வீஸ் விடலாமா? அப்புறம் சார்ஜ் எவ்வளவு நேரம்?

பதில்: கூடாது. பக்கெட், துணி. இரண்டாவதற்கு மேலே பாருங்கள், மூன்றாவது தடவை.

தினேஷ், கோத்தகிரி: முதல் ரைடுக்கே மேட்டுப்பாளையத்துல இருந்து வீட்டுக்கு ஏறலாமா? 625 பேட்டரி தாங்குமா?

பதில்: கணக்குப் போடுவோம். நீங்கள் 75, வண்டி 24, பை 5: மொத்தம் 104 கிலோ. உயரம் சுமார் 1,450 மீட்டர். தூக்குவதற்கு மட்டுமே 410 வாட்-அவர். 33 கிலோமீட்டருக்குக் கட்டை டயர் உருளும் இழுவை இன்னொரு 140 என்று வையுங்கள். 550. நீங்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் 100 வாட் மிதித்தால் 220 உங்களுடையது, மீதி 330 மோட்டாருடையது. மோட்டாரில் கால்பங்கு வெப்பமாகப் போகும், ஆகவே பேட்டரியிலிருந்து 440. நடுத்தர மோடில் போனால் ஏறிவிடலாம். டர்போவிலேயே (அதிகபட்ச மோட்டார் உதவி) வைத்தால் ஊருக்கு முன்னாலேயே தீரலாம், அப்புறம் 24 கிலோவைத் தள்ள வேண்டும். கியர் மாற்றும்போது மட்டும் ஒரு நொடி மிதியைத் தளர்த்துங்கள். மோட்டார் முறுக்கில் மாற்றினால் சங்கிலி அறும்.

ஆனால் இறக்கம்தான் என் கவலை. நடுமோட்டார் (பெடல் அச்சில் மோட்டார் உள்ள) வண்டியில் இறங்கும்போது சார்ஜ் ஏறாது, எல்லாச் சக்தியும் பிரேக்கில் வெப்பமாகும். பேட் பழகாமல் அங்கே இறங்க வேண்டாம். முதல் ரைடு ஊருக்குள்ளேயே 10 கிலோமீட்டர். வந்ததும் ஸ்டெம், அச்சு, கிராங்க், டிஸ்க் போல்ட், பின் சஸ்பென்ஷன் மூட்டு போல்ட் எல்லாவற்றையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பார்க்க வேண்டும். ஆரம் (சக்கரக் கம்பி) ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பாருங்கள்; ஒன்று மட்டும் தொளதொள என்றிருந்தால் கடைக்கு.

செல்வம், கோவை: அண்ணா, எல்லாம் மாட்டி, நீங்க சொன்ன மாதிரி 20, 20 செஞ்சுட்டேன். நல்லா பிடிச்சுது. இப்ப பின் பிரேக் மட்டும் 'கிறீச்'னு கத்துது, பிடிக்கவும் மாட்டேங்குது. நடுவுல ஒண்ணும் செய்யல, சங்கிலிக்கு ஸ்ப்ரே மட்டும் அடிச்சேன்.

பதில்: ஸ்ப்ரேயா! டிஸ்க் சக்கரத்தின் மறுபக்கம் இருந்தாலும், ஸ்ப்ரே பறந்து அதில் பட்டிருக்கும். பின் டிஸ்கை ஆல்கஹாலால் இரண்டு தடவை, இரண்டு தனித்தனித் துணியால் துடையுங்கள். பேடைத் தேய்த்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், உள்ளே ஊறியிருக்கும்; புது ஜோடி போடுங்கள். மறுபடி 20 தடவை. சங்கிலிக்குச் சொட்டு எண்ணெய், ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள்.