ஊர் வரலாற்று மன்றம் என்ன செய்யலாம்?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் வசிக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கடைவீதி வணிகர்கள் எனச் சிலர் சேர்ந்து எங்கள் ஊரில் ஒரு வரலாற்று மன்றம் நடத்திவருகிறோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அறிஞர் ஒருவரை அழைத்துச் சொற்பொழிவு வைக்கிறோம். தொடக்கத்தில் நாற்காலி போதாமல் பக்கத்துப் பள்ளியில் இரவல் வாங்கினோம். இப்போது நிர்வாகிகளைக் கழித்துவிட்டால் அரங்கில் ஐந்தாறு பேர் தேறுவதே அரிது. இளைஞர்களை ஈர்க்கலாம் என்று சித்தன்னவாசலுக்கும் குடுமியான்மலைக்கும் மரபு நடை அழைத்துப்போனோம். உற்சாகமாக வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், அதன்பிறகு மன்றத்தின் பக்கம் திரும்பவில்லை. இந்நிலையில் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் பெருந்தொகை தர முன்வந்திருக்கிறார். தம் முன்னோர்தாம் இப்பகுதியை ஆண்டவர்கள் என்பதை எங்கள் ஆண்டு மலரில் முதல் கட்டுரையாக வெளியிட வேண்டும் என்பது அவர் விருப்பம். மன்றத்தைத் தொடர்வதா, கலைத்துவிடுவதா என்றே எங்களுக்குள் பேச்சு நடக்கிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

மன்றத்தைக் கலைக்க வேண்டாம். உங்கள் ஊர்க்காரர்களுக்கு வரலாற்றில் ஆர்வம் இல்லை என்று உங்கள் கடிதத்தை வைத்து நான் முடிவுகட்ட மாட்டேன். நாற்காலி போதாத அளவுக்குக் கூட்டம் வந்த ஊர் அது. வந்தவர்களிடம் நீங்கள் எந்த வேலையையும் ஒப்படைக்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரியும் குறை. ஒரு மணி நேரம் சோழர்களைப் பற்றிக் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவருக்கு அடுத்த மாதம் மறுபடி வருவதற்கு என்ன காரணம் இருக்கிறது? ஊர் வரலாற்று மன்றத்தின் ஒவ்வொரு நிகழ்ச்சியும், அதற்கு முந்தைய நாள் வரை இல்லாத ஒரு பதிவையாவது, அது ஒரு புகைப்படமாகவோ ஒரு பாட்டியின் குரலாகவோ இருந்தாலும் சரி, ஊருக்கு விட்டுச்செல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த வகையில் உங்கள் மாவட்டத்துக்கு வாய்த்திருக்கும் வசதி தமிழ்நாட்டில் வேறு பல பகுதிகளுக்கு இல்லை. புதுக்கோட்டை சமஸ்தானம் 1910-இலேயே அருங்காட்சியகம் அமைத்தது. தன் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டுகளின் பாடங்களை அரச மரபு வாரியாக வகைப்படுத்தி 1929-இல் நூலாக அச்சிட்டது. அந்த நூலை எடுத்து, உங்கள் ஊருக்கும் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் உரிய கல்வெட்டுகளைப் பட்டியலிட்டு, ஆளுக்குச் சில எனப் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு கல்லும் இன்றும் அங்கே இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். சில இடங்களில் சுண்ணாம்புப் பூச்சுக்குள் எழுத்து மறைந்திருக்கும். சில இடங்களில் திருப்பணியின்போது ஓடு பதித்திருப்பார்கள். மணலை விசையோடு பீய்ச்சித் தூய்மை செய்த சுவர்களில் எழுத்தின் விளிம்பே தேய்ந்துபோயிருக்கும். இடித்துக் கட்டியபோது கல் தலைகீழாகவும் வைக்கப்பட்டிருக்கும். இவற்றையெல்லாம் தேதியோடும் படத்தோடும் எழுதிவைத்தால், ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில் ஒரு வட்டாரத்தின் கல்வெட்டுகளுக்கு என்ன நேர்ந்தது என்ற கணக்கு உங்கள் கையில் இருக்கும். இதற்குப் பட்டம் தேவையில்லை. பொறுமையும் ஒரு இருசக்கர வண்டியும் போதும்.

கல்வெட்டை இருக்கும் இடத்திலேயே உரக்கப் படியுங்கள் என்பதையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அரசனின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்திப் பகுதியில் ஊர்க்காரர்கள் மெளனமாக நிற்பார்கள். தானமாகத் தந்த நிலத்துக்கு எல்லை சொல்லும் வரிகள் வந்ததும், இன்ன வாய்க்காலுக்குக் கிழக்கு, இன்ன குளத்துக்கு வடக்கு என்று கேட்டதும், கூட்டத்தில் யாராவது ஒருவர் அந்த வாய்க்கால் இப்போது எங்கே இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டுவார். அந்தப் பெயர் அவருடைய பேச்சில் உயிரோடு இருக்கும். வருவாய்த்துறை வரைபடத்தில் இருக்காது. அதை அப்போதே குறித்துக்கொள்ள ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நிற்க வேண்டும்.

உங்கள் பகுதியின் இன்னொரு செல்வம் ஏரிகளுக்குள் நிற்கும் குமிழித் தூம்புகள், அதாவது ஏரி நீரை வயலுக்குத் திறந்துவிடும் பழங்கால மதகுகள். கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஏரியின் உட்பகுதியில் இரண்டு கல் தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்கள், அடியில் துளையிட்ட கற்பெட்டி என்பது அதன் அமைப்பு. மேலே உள்ள நீரோடித் துளை தெளிந்த நீரை விடும். கீழே உள்ள சேறோடித் துளைகள் வண்டலை நீரோடு சேர்த்து வயலுக்குக் கொண்டுபோகும். ஏரி தூர்ந்துபோகாமல் இருப்பதற்கும் வயலுக்கு உரம் சேர்வதற்கும் ஒரே அமைப்பில் வழி செய்திருக்கிறார்கள். தூண்களில் பல இடங்களில் இந்தத் தூம்பைச் செய்வித்தவர் இன்னார் என்று கல்வெட்டும் இருக்கும். தண்ணீர் நிற்கும் மாதங்களில் தூண்களின் தலை மட்டும்தான் தெரியும் என்பதால், சித்திரை, வைகாசியில் ஏரி வற்றியதும் உங்கள் நடையை அங்கே வையுங்கள். காலை வெயில் ஏறுமுன் போய், தூம்பை அளந்து, படம் வரைந்து, அந்த ஏரியில் மடை திறந்து நீர் பாய்ச்சும் பொறுப்பு வகித்த குடும்பத்தின் மூத்தவர் ஒருவரை அங்கேயே பேசச் சொல்லுங்கள். எந்தப் பேராசிரியரும் தர முடியாத செய்தி அவரிடம் இருக்கும். அவருக்குப் பொன்னாடை போர்த்துவதை மறந்துவிடாதீர்கள். நம் மன்றங்கள் அதை மேடைக்காரர்களுக்கு மட்டுமே ஒதுக்கிவைத்திருப்பது சரியில்லை.

கல்வெட்டைத் தாளில் படியெடுக்கும் பயிற்சி ஒன்றையும் ஆண்டுக்கு ஒருமுறை நடத்தலாம். தொல்லியல் துறையிடமும், கோயிலாக இருந்தால் அதன் நிர்வாகத்திடமும் முன்அனுமதி பெற்று, பழகிய கல்வெட்டாய்வாளர் ஒருவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். கல்லைத் தண்ணீர் விட்டு நார்த் தூரிகையால் கழுவி, நனைத்த மேப்லித்தோ தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்படி தூரிகையால் அடித்து, ஈரம் சற்று வற்றியதும் மைப்பொதியால் ஒற்றுவார்கள். கருமைக்கு நடுவே எழுத்துகள் வெள்ளையாக ஒவ்வொன்றாக எழும்பி வரும். வெறும் கீறல் என்று அதுவரை கடந்துபோன கல்லில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற தொடக்க மங்கலச் சொல் தெளிந்து வருவதைப் பார்த்த பள்ளிப் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மறுப்பதைக் கண்டிருக்கிறேன். அனுமதி கிடைக்காத இடங்களில், அந்தி வேளையில் டார்ச் ஒளியைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பாய்ச்சினாலே எழுத்து நிழல் விழுந்து தெரியும். படம் எடுக்க அதுவே போதும். கல்லில் மாவு தேய்ப்பதையும் பெயின்ட் பூசுவதையும் யாருக்கும் அனுமதிக்காதீர்கள்.

சித்தன்னவாசலும் குடுமியான்மலையும் பார்க்க வேண்டிய இடங்கள்தாம். ஆனால் அவை எல்லோரும் அறிந்தவை. உங்கள் மன்றம் இல்லாவிட்டாலும் மக்கள் போவார்கள். மதுரையில் மரபுச் சின்னங்களுக்கு மக்களை நடை அழைத்துச்செல்லும் பசுமை நடை இயக்கம் வேரூன்றியதற்குக் காரணம், 2010 வாக்கில் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் பேசப்பட்டபோது, அந்த மலையில் என்ன இருக்கிறது என்று மதுரைக்காரர்களுக்கே காட்ட வேண்டிய அவசரம் பிறந்ததுதான். கி.பி. 770-இல் மாறன்காரி என்ற பாண்டிய அமைச்சர் குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயிலும், சமணத் திருமேனிகளும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தும் உள்ள மலை அது. பாறையின் மேல் உட்கார்ந்து அறிஞர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு அது வெறும் கல்லாக இருக்கவில்லை. பின்னாளில் மதுரைக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டதும், 2024-இல் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டபோது ஊர் ஊராக மக்கள் எதிர்த்து நின்றதும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதும் நாம் அறிந்த செய்திகள். அந்த எதிர்ப்பில், தங்கள் மலையில் இருக்கும் தமிழி எழுத்தையும் குடைவரைக் கோயிலையும் சமணப் படுக்கைகளையும் ஊர்க்காரர்களே எடுத்துச் சொன்னார்கள். நடை செல்லும் மன்றம் இந்த அறிவைத்தான் ஊருக்குள் பரப்ப வேண்டும்.

சென்னை நாளும் நினைவில் கொள்ளத்தக்கது. சென்னை பிறந்த நாளாகக் கருதப்படும் 1639 ஆகஸ்ட் 22-ஐ நினைவுகூர்ந்து 2004-இல் ஒரு நாள் நிகழ்வாக அதைச் சிலர் தொடங்கினார்கள். தெருக்காரர்கள், பள்ளிகள், நூலகங்கள் எனத் தத்தம் நிகழ்ச்சியைத் தாங்களே நடத்திக்கொள்ள விட்டதால் அது வாரமாகவும் மாதமாகவும் விரிந்தது. எல்லாவற்றையும் மன்றமே நடத்த வேண்டும் என்று நீங்களும் நினைக்க வேண்டாம்.

வீடுகளில் இருக்கும் ஆவணங்களுக்கென்று ஆண்டில் ஒரு நாளை ஒதுக்குங்கள். சமஸ்தான முத்திரைத் தாளில் எழுதிய பத்திரங்கள், ஓலைச்சுவடிகள், திருமணப் படங்கள், பழைய கடைக் கணக்குகள், பேழையின் அடியில் கிடக்கும் சமஸ்தானத்து அம்மன் காசு என யாரும் எதையும் கொண்டுவரலாம். அங்கேயே ஸ்கேன் செய்து, உரியவரின் கண்முன்னே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூலத்தை ஓர் இரவுகூட மன்றம் வைத்துக்கொள்ளக் கூடாது. நிலப் பத்திரங்களை உரியவர் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய வெளியிடவும் கூடாது. வழக்குக்கு வழி வைத்த மன்றத்தை ஊர் மறுபடி நம்பாது. சமஸ்தானம் 1948 மார்ச் 3-இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்ததை நேரில் கண்டு நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்கள் குரலைப் பதிவது மற்ற எல்லா வேலையையும்விட அவசரமானது. அதிலும் கல்வெட்டில் பெயர் ஏறாதவர்களின் தெருக்களிலிருந்து தொடங்குங்கள். அந்த ஏரிகளை வெட்டியவர்களும் தூர் வாரியவர்களும் அங்கேதான் வாழ்கிறார்கள்.

பள்ளிகளோடு சேர்ந்து இயங்கும்போது ஒரு கவனம் தேவை. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள செம்பியன் கண்டியூரில் 2006-இல் கவனத்துக்கு வந்த, சிந்துக் குறியீடுகளையொத்த குறிகள் கொண்ட கற்கோடரி ஓர் ஆசிரியரின் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டியபோது கிடைத்தது. கீழடியிலும், அகழாய்வு தொடங்குவதற்குப் பல்லாண்டுகள் முன்பே பொருள்களைச் சேகரித்து அதிகாரிகளுக்குத் தெரிவித்தவர் ஒரு வரலாற்று ஆசிரியர்தான். இப்படி ஏதேனும் கிடைத்தால் மன்றத்தின் அலமாரியில் வைத்துக்கொள்ள ஆசை வரும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்த மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். எதையும் தோண்டக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நன்கொடை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை அந்த நிபந்தனையோடு வாங்காதீர்கள். நான் கண்டவரை, ஊர் வரலாற்று மன்றங்கள் ஆள் இல்லாமல் அழிந்ததைவிட ஒரு குடும்பத்துக்கோ ஒரு சாதிக்கோ பெருமை சேர்க்கப்போய் உடைந்ததே அதிகம். உங்கள் பகுதிக் கல்வெட்டுகளில் அரையர் என்ற தலைவர் பட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பட்டத்தைப் பல காலங்களில் பலர் தாங்கியிருக்கிறார்கள். அதைக் கொண்டு இன்றைய ஒரு குடும்பத்தை அன்றைய ஒருவரோடு இணைக்க முடியாது. அதற்காக அவரை அவமதிக்கவும் வேண்டாம். அவர் வீட்டுப் பட்டயத்தையும் ஓலையையும் மற்றவர்களுடையதைப் போலவே ஆவண நாளில் ஸ்கேன் செய்யுங்கள். அவர் சொல்வதை, இன்னார் இன்ன தேதியில் சொன்ன குடும்ப மரபு என்ற குறிப்போடு அப்படியே பதிவு செய்யுங்கள். கல்வெட்டு சொல்வது ஒரு பக்கத்திலும் குடும்பம் சொல்வது ஒரு பக்கத்திலும் இருக்கட்டும். இரண்டையும் கலந்து ஒரே கட்டுரையாக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். நான் மேலே சொன்ன வேலைகளில் எதற்கும் பெருந்தொகை தேவைப்படாது.

சொற்பொழிவையும் நிறுத்த வேண்டியதில்லை. வரிசையை மாற்றினால் போதும். முதலில் ஏரிக்கோ கோயிலுக்கோ போய் வாருங்கள். விளங்காத சொற்களையும் தீராத ஐயங்களையும் எழுதி முன்கூட்டியே அனுப்பிவிட்டு, அவற்றுக்கு விடை சொல்ல அறிஞரை அழையுங்கள். பழைய தொகுப்புகளில் இல்லாத கல்வெட்டு ஏதேனும் கண்ணில் பட்டால், அவர் வழியாகத் தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழுக்கு அனுப்புங்கள்; புதிய கல்வெட்டுகள் ஆண்டுதோறும் அதில் வெளியாகின்றன. கண்டவர் மாணவராக இருந்தால் அவர் பெயரும் அதில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.