பட்டினி கிடக்கும் பாக்டீரியாவும் ஆக்சிஜனும்: கேள்வி பதில்

பி.எஸ்சி. மாணவி: வளராத பாக்டீரியா சும்மாதானே கிடக்கிறது? ஆக்சிஜன் அதை என்ன செய்துவிடும் சார்?

சும்மா கிடப்பதுதானம்மா சிக்கல். நல்ல சாப்பாடு கிடைத்தால் ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். கெட்டுப்போன புரதமும் பங்காகிப் பங்காகிக் கரைந்துவிடும். பிரிவது நின்றால் எல்லாம் உள்ளேயே சேரும். சுவாசம் குறையுமே தவிர முழுசாக நிற்காது, அதன் பக்கவிளைவாக ஹைட்ரஜன் பெராக்சைடு ஊறிக்கொண்டே இருக்கும். அது செல்லுக்குள் தளர்வாகத் திரியும் இரும்பைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, எதையும் தாக்கும் மூலக்கூறு பிறக்கும். அதைப் பிடிக்க எந்த நொதியும் கிடையாது, பிறந்த இடத்திலேயே கடித்துவிடும். டி.என்.ஏ. பக்கத்தில் பிறந்தால் டி.என்.ஏ. போச்சு.

அதனால் ஈ. கோலை அடி விழும்வரை காத்திருப்பதில்லை. சாப்பாடு தீரும்போதே ஆர்.பி.ஓ.எஸ். என்ற சிக்மா காரணி (எந்த மரபணுக்கள் இயங்க வேண்டும் என்று முடிவுசெய்யும் புரதம்) செல்லில் பெருகி, பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதியையும் டி.பி.எஸ். என்ற புரதத்தையும் செய்ய வைக்கிறது. 1992-இல் விவரிக்கப்பட்ட இந்த டி.பி.எஸ். என் செல்லப்பிள்ளை. 12 துண்டுகள் சேர்ந்த குட்டி உருண்டை, நடுவே வெற்றிடம். டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு அதைப் பொட்டலமாகச் சுருட்டும். கூடவே பெராக்சைடைக் கொண்டே இரும்பை ஆக்சிஜனேற்றி, சுமார் 500 அணுக்கள்வரை வயிற்றுக்குள் பூட்டிக்கொள்ளும். இரும்பும் போனது, பெராக்சைடும் செலவானது: ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

1988-இல் ஒரு சோதனை. 4 மணி நேரம் பட்டினி போட்ட ஈ. கோலை, வளரும் செல்லைவிடப் பெராக்சைடை நன்றாகத் தாங்கியது. பட்டினி தொடங்கும்போதே குளோரம்ஃபெனிக்கால் போட்டுப் புரத உற்பத்தியை நிறுத்தினால் அந்தத் தாங்குதிறன் வரவே இல்லை. செய்ய வேண்டியதைக் கையில் கொஞ்சம் சரக்கு இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

புண்ணில் பெராக்சைடு ஊற்றினால் நுரைப்பது கிருமி சாவதால்தானே?

பெரும்பாலும் உங்கள் ரத்தத்திலும் திசுவிலும் உள்ள கேட்டலேஸின் வேலை அது. லேப் மாணவர்களே, இதனால்தான் ரத்த அகாரிலிருந்து (ரத்தம் கலந்த, பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லி) காலனி, அதாவது பாக்டீரியாத் திட்டு, எடுத்துக் கேட்டலேஸ் சோதனை செய்யாதீர்கள்: பெராக்சைடு விட்டதும் வரும் நுரை ரத்தத்துடையதாகவும் இருக்கலாம்.

ஆக்சிஜன் சேதத்தைத் தடுக்க நாம் வைட்டமின் சி மாத்திரை தினமும் போடலாமா?

மருத்துவரைக் கேளுங்கள். நான் பாக்டீரியாக்காரன்.

பழைய கல்ச்சரை (வளர்த்து வைத்த பாக்டீரியாவை) அகார் தட்டில் பரப்பிப் பிளேட் செய்தால் காலனி குறைவாக வருகிறது. செத்துவிட்டதா?

அவசரப்படாதீர்கள். அடிபட்ட செல்லுக்குப் பிளேட்டில் உள்ள கொஞ்சப் பெராக்சைடே எமன். பாஸ்பேட்டையும் அகாரையும் ஒன்றாக ஆட்டோகிளேவ் செய்தாலே (அழுத்த நீராவியில் கிருமி நீக்கினாலே) பெராக்சைடு உண்டாகும். தனித்தனியாகச் செய்து பிறகு கலந்து பாருங்கள், அல்லது பெராக்சைடை அழிக்கும் பைருவேட் சேருங்கள். இது தெரியாமல் நான் ஒரு வாரம் செத்த கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆராய்ச்சி மாணவர்: ஆன்டிபயாடிக் எல்லாமே ரேடிக்கலால்தான் கொல்கிறது என்று 2007-லேயே வந்துவிட்டதே?

வந்தது. 2013-இல் இரண்டு குழுக்கள் ஆக்சிஜனே இல்லாமலும் அவை கொல்வதைக் காட்டின. “எல்லாமே”, “தான்” இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

அவரே: அப்படியானால் 2011-இல் சூடோமோனாஸ் பாக்டீரியாவில் நடந்த சோதனை? பட்டினி எதிர்வினையைக் கெடுத்ததும் மருந்து தாங்கும் திறன் போய்விட்டதே?

சரி, நல்ல பிடி. அந்த எதிர்வினைதான் கேட்டலேஸையும், சூப்பராக்சைடு என்ற இன்னொரு ஆக்சிஜன் நச்சை அகற்றும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸையும் தூக்கிவிடுகிறது. அது போனதும் ஆக்சிஜனேற்றச் சேதமும் ஏறியது. ரேடிக்கலுக்குப் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். முழுப் பழியையும் அதன் தலையில் கட்டாதீர்கள் என்பதுதான் என் வழக்கு.

அவரே: பாதி தோற்றுவிட்டீர்கள் சார்.

கால்வாசி.

கேட்டலேஸ் இருந்தால் பாக்டீரியாவுக்கு எப்போதும் லாபம்தானே?

காசநோய்க் கிருமியைப் பாருங்கள். ஐசோனியாசிட் மருந்தைத் தூண்டிவிடுவதே அதன் கேட்ஜி என்ற கேட்டலேஸ்தான். மரபணு மாற்றத்தால் கேட்ஜி கெட்டால் மருந்து பலிக்காது. காப்பாற்றும் நொதியே காட்டிக்கொடுக்கிறது.

ரத்த அகாரில் காலனி நன்றாக வளர்ந்திருக்கிறது, அதிலிருந்தே கேட்டலேஸ் சோதனை…

மேலே படியுங்கள்.