காற்றில் ஆக்சிஜன் முதலிலிருந்தே இருந்ததா, உயிர்கள் உண்டாக்கியதா?

உயிர்கள்தான் உண்டாக்கின. ஆரம்பத்தில் காற்றில் நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு போன்றவை இருந்தன. ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. கடலில் வாழ்ந்த சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் சூரிய ஒளியைக் கொண்டு தண்ணீரைப் பிளந்து உணவு தயாரித்தபோது, ஆக்சிஜன் கழிவாக வெளியேறியது.

அது உடனே காற்றில் சேர்ந்துவிடவில்லை. கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு அதைப் பிடித்துக்கொண்டு, துருவாகி அடியில் படிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி பகுதியில் இன்று வெட்டியெடுக்கும் இரும்புத்தாது அந்தக் காலத்து அடுக்குகளிலிருந்து வந்ததுதான். இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் வியப்பான இடம் இதுதான்.

சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் ஆக்சிஜன் காற்றில் தங்கத் தொடங்கியது. பழைய நுண்ணுயிர்கள் பலவற்றுக்கு அது நஞ்சு. அப்புறம் அதிலிருந்தே ஓசோன் படலம் உருவாகி, புற ஊதாக் கதிர்களைத் தடுத்தது. ஆக்சிஜனைச் சுவாசிக்கப் பழகிய உயிர்களுக்கோ அதே உணவிலிருந்து பல மடங்கு ஆற்றல் கிடைத்தது.