மயிரிழையில் இருக்கும் ரன் அவுட்டில் அம்பயர் எப்படி முடிவெடுக்க வேண்டும்?

கேள்வியைப் பார்த்தால் நீங்களும் லோக்கல் மேட்சில் அம்பயராக நிற்பவர் என்று தெரிகிறது. அப்படியென்றால் கேமரா, டிவி பார்த்துத் தீர்ப்பு சொல்லும் தேர்ட் அம்பயர் எதுவும் உங்களுக்கு இருக்காது. நேராகவே சொல்கிறேன்: உறுதியாகத் தெரியவில்லையா, நாட் அவுட். இரண்டு அம்பயர்களும் கலந்து பேசியும் சந்தேகம் தீராவிட்டால் நாட் அவுட்தான் என்று கிரிக்கெட் விதி 31 சொல்கிறது.

போன சீசனில் ஒரு லீக் மேட்ச். கடைசிப் பந்து, ஜெயிக்க இரண்டு ரன். மிட்விக்கெட் பக்கம் தட்டிவிட்டு இரண்டாவது ரன்னுக்கும் ஓடிவிட்டார்கள். த்ரோ என் முனைக்கு வருகிறது. பந்து போன பக்கமே ஓடி, கிரீஸ் கோட்டுக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டேன். அங்கே நின்றால்தான் கோடு, பேட், ஸ்டம்ப் மூன்றும் ஒரே பார்வையில் விழும். ஆனால் ஸ்பைக்ஸ் பட்டுச் சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது. பேட் உரசி வந்ததில் புழுதி வேறு. ஸ்டம்ப் மேலிருந்த பெயில்ஸ் எழும்பியது தெரிந்தது, பேட் கோட்டைத் தாண்டியதா என்பது தெரியவில்லை. கோட்டின் மேலேயே இருந்தாலும் அவுட்தான், தாண்டியிருக்க வேண்டும். ஸ்கொயர் லெக்கில் இருந்த இன்னொரு அம்பயரைக் கேட்டேன், தெரியவில்லை என்று தலையை ஆட்டிவிட்டார். நாட் அவுட் கொடுத்தேன்.

ஃபீல்டிங் கேப்டன் ஓடி வந்து, "எல்லாரும் பார்த்தாங்க சார்!" என்றான். "தம்பி, எனக்கு உறுதியாத் தெரியலை. தெரியாம ஒருத்தனை வெளியே அனுப்ப மாட்டேன்" என்றேன். இன்றைக்கும் அதே தீர்ப்புதான் கொடுப்பேன். அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றியது. ஷாமியானா பக்கத்திலிருந்து கோணலாக எடுத்தது, அதில் கிரீஸே தெரியாது. அதை வைத்து என்னை விலைபோனவன் என்றார்கள்.

"டெக்னாலஜி வந்தால் தீர்ந்துவிடும்" என்று கமென்ட் போட வருபவர்களுக்கு: நான் அதற்கு எதிரி இல்லை. 1992-இல் டர்பனில் டெண்டுல்கருக்கு டிவி பார்த்து ரன் அவுட் கொடுத்த நாளிலிருந்து ரன் அவுட்டில் எவ்வளவோ தெளிவு வந்துவிட்டது. ஆனால் இன்றும் எல்பிடபிள்யூவில் பாதிப் பந்துக்கும் குறைவாகத்தான் ஸ்டம்பில் பட்டிருக்கும் என்று டிவி ரிவ்யூ காட்டினால் மைதானத்து அம்பயரின் தீர்ப்புதான் நிற்கிறது. எங்கோ பவுண்டரி ஓரம் பிடித்த கேட்சுக்கும் தேர்ட் அம்பயரிடம் அனுப்பும்போதே மைதானத்து அம்பயர் அவுட்டா இல்லையா என்று ஊகித்துச் சொல்ல வேண்டியிருந்த சாஃப்ட் சிக்னலை 2023-இல் எடுத்துவிட்டார்கள். பார்க்காததைப் பார்த்த மாதிரி சொல்ல வைத்த முறை அது, போனது நல்லதுதான்.

இன்னொன்று, முந்தின தப்பை ஈடுகட்ட அடுத்த அப்பீலில் விரலைத் தூக்காதீர்கள். அது அயோக்கியத்தனம்.

சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்: நாள் முழுக்க வெயிலில் நிற்கும் அம்பயருக்கு மேட்ச் ஃபீஸ் மாதக்கணக்கில் பாக்கி. வீரர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு மிஞ்சிய சாம்பார் சாதம். நேர்மையை மட்டும் சர்வதேசத் தரத்தில் கேட்கிறார்கள்.

இன்னிங்ஸ் இடைவேளையில் கிரீஸுக்கு மறுபடி சுண்ணாம்பு போடச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், அப்புறம் ஆள் கிடைக்காது.